பந்து கோர்ட்டில் இருக்கிறதாம், வக்கீலைப் பார்க்க வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். இண்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மவுஸ் கைக்குப் பழகிவிட்டது. இமெயில் அக்கவுண்ட் தொடங்கி, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நான்கைந்து மெயில்கள் அனுப்பியும் பார்த்துவிட்டீர்கள். பிறகு ஒரு நாள் ஆங்கிலத்தில் ஒரு மெயில் வருகிறது. எழுத்துகள் தெரிகின்றன. சொற்களும் பெரும்பாலும் பள்ளியில் படித்தவைதான். ஆனால் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

இது உங்களுக்கு மட்டும் வரும் சங்கடம் இல்லை. பட்டம் பெற்றவர்களும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். காரணம், ஆங்கிலத்தில் பல தொடர்கள் சொல்லுக்குச் சொல் பொருள் தருவதில்லை. அவற்றை மரபுத்தொடர்கள் என்கிறோம். இவற்றை எப்படி அடையாளம் காண்பது, உங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டே எப்படிப் பொருள் கண்டுபிடிப்பது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு கடைக்கு வந்த மெயில்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம். இது பாடத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட கடைதான். ஆனால் கண்டாங்கிச் சேலை உண்மை. கட்டம் போட்ட, அழுத்தமான நிறங்கள் கொண்ட இந்தச் சேலைக்கு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று இண்டர்நெட்டில் படத்தைப் பார்த்துவிட்டு எந்த நாட்டிலிருந்தும் ஒருவர் விலை கேட்கலாம்.

அப்படி ஒரு மெயில் நம் கடைக்கும் வருகிறது. அதில் உள்ள வரிகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறோம்.

1. வீ ஆர் ஸ்டில் ஆன் தி ஃபென்ஸ் அபௌட் தி பிக் ஆர்டர்.
2. பிளீஸ் கிவ் அஸ் எ பால்பார்க் ஃபிகர் ஃபார் டூ ஹண்ட்ரட் சாரீஸ்.
3. அவர் லாஸ்ட் சப்ளையர் லெஃப்ட் அஸ் ஹை அண்ட் டிரை.
4. பிளீஸ் டோன்ட் கட் கார்னர்ஸ்.
5. இஃப் தி சாம்பிள்ஸ் ஆர் குட், செல்லிங் தெம் வில் பி எ பீஸ் ஆஃப் கேக்.
6. தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்.
7. இஃப் வீ டோன்ட் ஹியர் ஃப்ரம் யூ பை ஃப்ரைடே, வீ வில் கால் இட் எ டே.

கடைக்காரரும் கல்லூரியில் படிக்கும் அவர் மகனும் திரையின் முன்னால் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

"என்னடா இது, வேலி மேல இருக்கோம்னு எழுதியிருக்காங்க?"

"தெரியலப்பா. அடுத்த வரியில பந்து, பார்க், உருவம்னு வருது. சேலையில பந்து டிசைன் கேக்குறாங்களோ என்னமோ."

"சரி, நாலாவது வரி நல்லா விளங்குது. கார்னரை வெட்டாதீங்கன்னு சொல்றாங்க. நாம எப்படா சேலை ஓரத்தை வெட்டினோம்?"

"அப்பா, ஆறாவது வரியில கோர்ட்டுன்னு இருக்குப்பா."

"கோர்ட்டா! வக்கீலைப் பாத்துட்டு வந்துரலாமாடா?"

கடைசி வரியைப் படித்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வருகிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள நாம எழுதலைன்னா, அவங்களே ஒரு நாள் கூப்பிடுவாங்களாம்ப்பா" என்கிறான் மகன். சரி, கூப்பிடும்போது பேசிக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுகிறார்கள்.

உண்மையில் அந்தக் கடைசி வரியின் பொருள் என்ன தெரியுமா? "வெள்ளிக்கிழமைக்குள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால், இந்தப் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறோம்" என்பதுதான். எழுதியவர் கெடு விதித்திருக்கிறார். படித்தவர்களோ அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்கிறார்கள். இருநூறு சேலைக்கான ஆர்டர் கை நழுவிப் போகிறது. அந்த வரியில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஒன்றாம் வகுப்புச் சொற்கள்!

நம் ஊரிலும் இப்படித்தான்

இதற்காக ஆங்கிலத்தைக் கோபித்துப் பயனில்லை. நம் மொழியிலும் இதே கதைதான். செட்டிநாட்டில் பழைய வணிகக் குடும்பங்களில் "பையன் பெட்டியடிக்குப் போயிருக்கிறான்" என்பார்கள். வெளியூர்க்காரர் கேட்டால் யாரோ பெட்டியை அடிக்கப் போயிருக்கிறார் என்று நினைக்கலாம். கடையில் பணப்பெட்டி அருகே உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்ளும் இளைஞன்தான் பெட்டியடிப் பையன். அதேபோல் கணக்கை முடித்து ஐந்தொகை எடுப்பது என்பார்கள். ஐந்து என்றும் தொகை என்றும் பிரித்து அகராதியில் பார்த்தால், அது ஒரு நிறுவனத்தின் வரவு செலவு நிலையைக் காட்டும் கணக்குச் சுருக்கம் என்று விளங்குமா?

"அத்தி பூத்தாற்போல வந்திருக்கீங்க" என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் தோட்டத்தில் பூவைத் தேடுவார். நாம் சொல்வது மிக அரிதாக வந்திருக்கிறீர்கள் என்பது. அதே கருத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்ஸ் இன் எ புளூ மூன் என்பார்கள். நாம் நீல நிலாவை வானத்தில் தேடக்கூடாது.

அந்நாளில் தமிழ்நாட்டிற்கு வந்த ஐரோப்பியப் பாதிரியார்கள் இந்தத் தொல்லையை நன்றாக அனுபவித்தவர்கள். பீட்டர் பெர்சிவல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874 ஆம் ஆண்டு வெளியிட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஹெர்மன் ஜென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து 1897 ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். சொற்களையும் இலக்கணத்தையும் படித்துவிட்டால் மட்டும் மக்கள் பேச்சு விளங்கிவிடாது. அவர்கள் அன்று செய்த வேலையை நாம் இன்று கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, எதிர்த்திசையில் செய்யப் போகிறோம்.

மெயிலின் உண்மையான பொருள்

இப்போது அந்த ஏழு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஆன் தி ஃபென்ஸ்: வேலியின் மேல் இருப்பவர் இந்தப் பக்கமும் குதிக்கலாம், அந்தப் பக்கமும் குதிக்கலாம். அதாவது இன்னும் முடிவு செய்யவில்லை. தமிழில் மதில் மேல் பூனை என்போமே, அதுதான். பெரிய ஆர்டர் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2. பால்பார்க் ஃபிகர்: பேஸ்பால் விளையாடும் மைதானத்தை அமெரிக்கர்கள் பால்பார்க் என்பார்கள். அதிலிருந்து வந்த தொடர் இது. ஃபிகர் என்பது இங்கே உருவம் அல்ல, எண். துல்லியமான விலை வேண்டாம், குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்லுங்கள் என்று பொருள்.

3. லெஃப்ட் அஸ் ஹை அண்ட் டிரை: கடல் நீர் வற்றும்போது கரையில் தட்டி நின்றுவிடும் கப்பலைக் குறித்த பேச்சு. முன்பு சரக்கு அனுப்பியவர் எங்களை நட்டாற்றில் விட்டுவிட்டார் என்கிறார்கள். உயரமான இடத்தில் சேலையை உலர வைக்கச் சொல்லவில்லை.

4. கட் கார்னர்ஸ்: மூலையைச் சுற்றிப் போக வேண்டிய இடத்தில் குறுக்கே புகுந்து போவது. செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க வேலையை ஏனோதானோ என்று செய்வது. தரத்தில் குறை வைக்காதீர்கள் என்பதே அவர்கள் கேட்டுக்கொள்வது. மூன்றாவது வரியையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். முன்பு ஒருவரிடம் ஏமாந்தவர்கள் என்பதால் பயந்து எழுதுகிறார்கள் என்பது தெரியும்.

5. எ பீஸ் ஆஃப் கேக்: மிக எளிதான காரியம். நாம் அல்வா சாப்பிடுவது போல என்கிறோம். மாதிரிச் சேலைகள் நன்றாக இருந்தால் விற்பது எளிது என்று பொருள். இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழில் அல்வா சாப்பிடுவது வேறு, அல்வா கொடுப்பது வேறு! ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும். ஆங்கிலத் தொடர்களும் அப்படித்தான். ஆகவே தொடரை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

6. தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்: இது டென்னிஸ் போன்ற ஆட்டங்களின் கோர்ட். பந்து உங்கள் பக்கம் வந்துவிட்டது, அடுத்து அடிக்க வேண்டியவர் நீங்கள். அதாவது, நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி முடிவு உங்கள் கையில். கேரம் ஆடுபவர்கள் ஸ்ட்ரைக்கர் உன்னிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வக்கீலுக்கு இங்கே வேலை இல்லை.

7. கால் இட் எ டே: இன்றைக்கு இவ்வளவு போதும் என்று வேலையை நிறுத்துவது. அலுவலகத்தில் மாலையில் ஒருவர் இதைச் சொன்னால், வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். பேரம் பேசும் மெயிலில் வந்தால், இத்துடன் விட்டுவிடுகிறோம் என்று பொருள். தொடர் ஒன்றுதான். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

இப்போது முழு மெயிலையும் நினைத்துப் பாருங்கள். மிரட்டல் எதுவும் இல்லை. முன்பு அடிபட்ட ஒரு வாடிக்கையாளர், நல்ல சரக்கு கொடுங்கள், உத்தேச விலை சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள் என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் பொருள் தேடும் வழி

எல்லாத் தொடர்களையும் மனப்பாடம் செய்ய முடியாது. தேவையும் இல்லை. தேடத் தெரிந்தால் போதும். கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. முதலில் சந்தேகப்படுங்கள். வியாபார மெயிலில் வேலி, பந்து, கேக், பூனை, யானை என்று சம்பந்தம் இல்லாத பொருள் திடீரென வந்தால், அது மரபுத்தொடராக இருக்கலாம். கால் இட் எ டே போன்றவற்றில் அப்படிப் பொருள் எதுவும் வராது. அங்கே வாக்கியம் சற்றே இடறும். "கால்" என்று இருக்கிறதே, யாரை என்று சொல்லவில்லையே என்று தோன்றும். அந்த இடறலை அலட்சியம் செய்யாதீர்கள்.

2. தொடரின் தொடக்கத்தில் மவுஸை வைத்து, இடது பட்டனை அழுத்தியபடி முடிவு வரை இழுத்துத் தேர்ந்தெடுக்கவும். பின் கண்ட்ரோல் கீயுடன் சி கீயைச் சேர்த்து அழுத்தவும். தொடர் காப்பி ஆகிவிடும்.

3. பிரவுசரைத் திறந்து கூகுள் போன்ற தேடல் தளத்திற்குச் செல்லவும். தேடல் கட்டத்தில் ஓர் இரட்டை மேற்கோள் குறி போட்டு, கண்ட்ரோல் கீயுடன் வி கீயை அழுத்தி, மீண்டும் ஒரு மேற்கோள் குறி போடவும். மேற்கோள் குறிகள் இருந்தால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரும் பக்கங்களைத் தேடச் சொல்வதாகும். பின் ஓர் இடைவெளி விட்டு, மீனிங் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் டைப் செய்து எண்டர் தட்டவும்.

4. சரியான விடை வரவில்லையா? தொடரை அதன் மூல வடிவத்திற்குக் கொண்டுவாருங்கள். லெஃப்ட் என்பதை லீவ் என்றும், அஸ் என்பதை சம்ஒன் என்றும் மாற்றித் தேடவும். அகராதிகளில் லீவ் சம்ஒன் ஹை அண்ட் டிரை என்றுதான் இருக்கும். தமிழ் அகராதியில் "வந்தான்" என்று தேடாமல் "வா" என்று தேடுகிறோம் அல்லவா, அதுபோல.

5. கேம்பிரிட்ஜ், மெரியம் வெப்ஸ்டர் போன்ற அகராதிகளின் தளங்களை இலவசமாகவே பார்க்கலாம். பொருளோடு நிற்காமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படிக்கவும். உங்களுக்கு வந்த வாக்கியம் அதுபோல் இருக்கிறதா என்று ஒப்பிடவும்.

6. கிடைத்த பொருளை மெயில் வரியில் பொருத்திப் பாருங்கள். முன்வரியோடும் பின்வரியோடும் ஒட்டி வந்தால் சரி. ஒட்டவில்லை என்றால் வேறு பொருள் இருக்கிறதா என்று தேடவும்.

"எதற்கு இவ்வளவு சிரமம்? மொழிபெயர்ப்பு தளத்தில் போட்டால் தமிழிலேயே வந்துவிடுமே" என்று கேட்கலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 ஆம் ஆண்டு முதல் தமிழ் இருக்கிறது. தொடக்க நாட்களைவிட இப்போது எவ்வளவோ தேறியிருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு தளங்களும் வந்துவிட்டன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு சொல்லை மட்டும் கொடுக்காமல், முழு வாக்கியத்தையும் முன்பின் வரிகளுடன் கொடுங்கள். தமிழில் வந்த விடையில் வேலியும் பந்தும் அப்படியே இருந்தால், கருவியும் சொல்லுக்குச் சொல் போய்விட்டது என்று பொருள். பணமோ கெடுவோ சம்பந்தப்பட்ட வரியை மட்டும் அகராதியில் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி, வங்கி எண் உள்ள வரிகளை இத்தகைய தளங்களில் ஒட்டவே வேண்டாம்.

பதில் எழுதும்போது

பொருள் விளங்கிவிட்டது. பதில் எழுத வேண்டும். நாமும் இரண்டு மரபுத்தொடர்களை அள்ளிவிட்டால் என்ன என்று ஆசை வரும். வேண்டாம். படிக்கும்போது தெரிந்துகொள்ளுங்கள், எழுதும்போது நேராக எழுதுங்கள். உத்தேச விலை இவ்வளவு, மாதிரிகளை இந்தத் தேதியில் அனுப்புகிறோம், பெரிய ஆர்டரை இத்தனை நாட்களில் முடித்துத் தருகிறோம் என்று மூன்று சிறிய வாக்கியங்கள் போதும். பால்பார்க் ஃபிகர் கேட்டவருக்கு அப்ராக்சிமேட் பிரைஸ் என்று எழுதினால் அவருக்கும் புரியும், நமக்கும் பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் இந்தியாவில் இயல்பாக எழுதும் சில ஆங்கிலத் தொடர்கள் வெளிநாட்டவர்களுக்கு விளங்காது, அல்லது வேறாக விளங்கும்.

ஐ ஹேவ் எ டவுட்: நாம் ஒரு விளக்கம் கேட்கும் முன் இப்படி எழுதுவோம். அவர்களுக்கு, உங்கள் மீது எனக்கு நம்பிக்கைக் குறைவு என்பது போல ஒலிக்கும். ஐ ஹேவ் எ கொஸ்டின் என்று எழுதவும்.

டூ தி நீட்ஃபுல்: ஆவன செய்யவும் என்ற பொருளில் நம் அலுவலகக் கடிதங்களில் வரும். வெளிநாட்டவர் பலருக்கு இது புதிராக இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடவும்.

அவுட் ஆஃப் ஸ்டேஷன்: வெளியூர் போயிருக்கிறேன் என்பதற்கு நாம் எழுதுவது. படிப்பவர் ரயில் நிலையத்தை நினைப்பார். அவுட் ஆஃப் டவுன் என்பது போதும்.

லேக், குரோர்: லட்சம், கோடி என்ற கணக்கு வெளிநாட்டில் பலருக்குத் தெரியாது. ஒரு லட்சத்தை ஹண்ட்ரட் தவுசண்ட் என்று எழுதவும்.

ஃபோர்ட்நைட்: இரண்டு வாரம். இங்கிலாந்தில் சாதாரணமாகச் சொல்வார்கள், அமெரிக்காவில் சொல்வது அரிது. டூ வீக்ஸ் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குள்ளேயே சிக்கல் உண்டு. ஒரு விஷயத்தை டேபிள் செய்வது என்றால் இங்கிலாந்தில் அதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்வது. அமெரிக்காவிலோ அதை இப்போதைக்குத் தள்ளி வைப்பது. மெயில் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கணக்குப் புத்தகத்தில் பிறந்த தொடர்கள்

பேரேடும் பற்று வரவும் தெரிந்த ஊருக்கு இவை எளிதில் பிடிபடும். வங்கிகளிலிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் வரும் மெயில்களில் அடிக்கடி பார்க்கலாம்.

இன் தி ரெட்: கணக்கில் பற்றாக்குறையைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கத்திலிருந்து வந்தது. நஷ்டத்தில் இருப்பது. இதற்கு எதிர் இன் தி பிளாக், லாபத்தில் இருப்பது.

தி பாட்டம் லைன்: கணக்கின் கடைசி வரி. கூட்டிக் கழித்து நிற்கும் முடிவு. பேச்சில் வந்தால், சாரம் இதுதான் என்று பொருள்.

குக் தி புக்ஸ்: புத்தகத்தைச் சமைப்பதல்ல. பொய்க் கணக்கு எழுதுவது.

ராப் பீட்டர் டு பே பால்: ஒருவரிடம் கடன் வாங்கி இன்னொருவர் கடனை அடைப்பது. இதில் பீட்டரும் பாலும் யார் என்று தேட வேண்டாம்.

நெஸ்ட் எக்: பின்னாளுக்கென்று ஒதுக்கி வைத்த பணம். நம் வீட்டுப் பெண்கள் அஞ்சறைப்பெட்டியில் சேர்த்து வைக்கும் சிறுவாடு இதற்குக் கிட்டத்தட்ட வரும்.

எ ஒயிட் எலிஃபெண்ட்: சயாமிலும் பர்மாவிலும் வெள்ளை யானை புனிதமானது. சயாம் மன்னர் தமக்குப் பிடிக்காதவருக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசளிப்பார், வேலையும் வாங்க முடியாமல் விற்கவும் முடியாமல் தீனி போட்டே அவர் அழிந்துபோவார் என்று ஒரு கதை சொல்வார்கள். பராமரிப்புச் செலவு பயனைவிட அதிகமாக இருக்கும் பொருள் இது. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்ற பழமொழியை, பர்மாத் தேக்குத் தூண்களோடு பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு ஓடு மாற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேரி கோல்ஸ் டு நியூகாசில்: இங்கிலாந்தில் நிலக்கரிக்குப் பெயர் பெற்ற துறைமுகம் நியூகாசில். அங்கேயே நிலக்கரி கொண்டுபோய் விற்பது வீண் வேலை. தமிழில் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆத்தங்குடிக்குத் தரைக்கல் கொண்டுபோவது என்றும் சொல்லிக்கொள்ளலாம்!

பணம் பறிக்கும் மெயில்களில் வரும் தொடர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். புரியாத ஆங்கிலத்தால் ஆர்டர் போனால் அடுத்த ஆர்டர் வரும். சேமிப்பு போனால் திரும்புவது கடினம்.

பே அப் ஃப்ரண்ட்: முன்பணமாகக் கட்டுவது. சிங்கப்பூரில் வேலை, கனடாவில் வேலை என்று வரும் மெயில்களில் அப் ஃப்ரண்ட் என்ற சொல் எங்கோ நடுவில் ஒளிந்திருக்கும். முன்னால் வந்து நிற்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை கொடுக்கும் முன்பே உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

ஃபுட் தி பில்: செலவை ஏற்பது. இந்தத் தொடரைப் பார்த்தால், யார் ஏற்பது என்று முன்சொல்லைப் பார்க்கவும். வீ என்றால் அவர்கள். யூ என்றால் நீங்கள். ஒரு சொல்லில் ஆயிரக்கணக்கான ரூபாய் இருக்கிறது.

நோ ஸ்டிரிங்ஸ் அட்டாச்டு: நிபந்தனை எதுவும் இல்லை என்று பொருள். முன்பின் தெரியாதவர் இதைச் சொன்னால் நிபந்தனை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தி ஃபைன் பிரிண்ட்: பொடி எழுத்தில் அச்சிட்ட விதிமுறைகள். இங்கே ஃபைன் என்பது நன்று என்பதும் அல்ல, அபராதமும் அல்ல. படிக்காமல் விடக்கூடாத பகுதி.

நெக்ஸ்ட் ஆஃப் கின்: மிக நெருங்கிய உறவினர். உங்கள் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் வெளிநாட்டில் பெரும் தொகையை விட்டு இறந்துவிட்டார், நீங்களே நெக்ஸ்ட் ஆஃப் கின், கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று எழுதுவார்கள்.

செட்டிநாட்டில் இந்தக் கடைசித் தொடர் மனதைத் தொடக்கூடியது. கொண்டுவிற்கப் பர்மாவுக்குப் போன குடும்பங்கள் பல. 1942 இல் ஜப்பானியப் படை வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள். பர்மா விடுதலை பெற்ற பிறகு வந்த தேசியமயச் சட்டங்களில் நிலங்களும் போயின. அப்பச்சி விட்டுவந்த சொத்து என்ற பேச்சு இன்றும் பல வீடுகளில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு முதியவர் புதிதாக இமெயில் பார்க்கத் தொடங்கியிருக்கும்போது, உங்களுக்குச் சேர வேண்டிய பணம் அயல்நாட்டு வங்கியில் இருக்கிறது என்று ஒரு மெயில் வந்தால், நம்பத்தான் தோன்றும். அவரைக் கேலி செய்யாதீர்கள். அருகில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள்.

இதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு தொடர் உதவிக்கு இருக்கிறது. டூ குட் டு பி ட்ரூ. உண்மையாக இருக்க முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று பொருள். இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்திடவும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கென்று ஓர் அகராதி

இனி ஒரு சிறு பயிற்சி. வேர்டு புரோகிராமில் புதிய டாக்குமெண்ட் ஒன்றைத் திறக்கவும். இன்செர்ட் டேப்பில் டேபிள் என்பதைக் கிளிக் செய்து மூன்று காலங்கள் கொண்ட டேபிள் அமைக்கவும். முதல் காலத்தில் தொடர், இரண்டாவதில் தமிழ்ப் பொருள், மூன்றாவதில் எந்த மெயிலில், எந்த வாக்கியத்தில் பார்த்தீர்கள் என்ற குறிப்பு. மூன்றாவது காலத்தை விட்டுவிடாதீர்கள், பொருளை நினைவில் நிறுத்துவது அதுதான். பைலை சேவ் செய்திடவும். பிறகு எப்போது தேட வேண்டுமானாலும் கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தித் தேடலாம். வாரத்திற்கு ஐந்து தொடர் சேர்த்தால் ஓர் ஆண்டில் இருநூற்று அறுபது ஆகிவிடும்.

சொல்ல மறந்துவிட்டோமே. ஒவ்வொரு நாளும் நீங்கள் கம்ப்யூட்டரை பூட் செய்கிறீர்களே, அதுவும் ஒரு மரபுத்தொடரிலிருந்து வந்ததுதான். தன் பூட்ஸின் பின்பக்கப் பட்டையைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. பிறர் உதவியின்றித் தானே முன்னேறுவது என்று பொருள். பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் ஒரு சிறிய புரோகிராமை இயக்கி, அதைக் கொண்டு பெரிய சிஸ்டத்தைத் தானே எழுப்பிக்கொள்வதால் அந்தப் பெயர் வந்தது.

மறுபடி அந்தக் கடைக்கு வருவோம். இன்று வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் மகனும் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு மெயிலை மீண்டும் திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. பந்து அவர்கள் கோர்ட்டில்தான் இருக்கிறது.